நடுவர் வைத்த நட்சத்திரம்

1979 பிப்ரவரி 7 — 35 நிமிடம்
1981 ஆகஸ்ட் 22 — 50 நிமிடம்
1985 மார்ச் 3 — 50 நிமிடம்
1990 நவம்பர் 19 — 60 நிமிடம்
1992 ஜூன் 11 — 60 நிமிடம்
1993 ஆகஸ்ட் 2 — 60 நிமிடம்
1993 அக்டோபர் 14 — 65 நிமிடம்
1994 ஏப்ரல் 12 — 70 நிமிடம்
இடையில் எடுத்தவற்றையும் சேர்த்து 41 முறை, 36 மணி 20 நிமிடம்.

ஒரு செயற்கைக்கோள் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்த நேரம் இவ்வளவுதான். அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது. அட்டவணையில் ஆறு இலக்க எண் உண்டு. பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. சூரியனைவிட ஐந்து மடங்கு சூடான இரண்டு நீல நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு சுற்றுக்கு ஐந்து வருடம் எட்டு மாதம். இப்படிக் கொதிப்பவை தங்கள் வெளிச்சத்தில் பெரும்பகுதியைப் புற ஊதாவில்தான் கொட்டும். அது காற்றைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால்தான் மேலே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த வெளிச்சத்தைப் பிரித்து நீளப் பட்டையாகப் பதித்தால் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழும். நட்சத்திரம் நம் பக்கம் வந்தால் கோடுகள் ஒரு புறம் நகரும். விலகிப் போனால் மறுபுறம். எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது ஓர் அம்மாளின் வேலை. பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையில், மூன்றாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறை. மேசை, அளக்கும் கருவி, கறுப்புத் திரை போட்ட ஜன்னல், கை கழுவும் தொட்டி. துறையில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை அளவுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவரும் தொலைபேசியை எடுத்து, "அளவுக்காரம்மா பேசறேன்" என்றே சொல்வார்.

அவருடைய கணவர் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே, பேருந்தில் நாற்பது நிமிடத் தொலைவில் இருந்த செயற்கைக்கோள் நிலையத்தில். ஆபரேட்டர். தொலைநோக்கி பிடித்த படம் அவர் முன்னால் திரையில் வரும். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு வளையம் இருக்கும். அதுதான் ஒளி உள்ளே போகும் துளை. நட்சத்திரத்தை நகர்த்தி நகர்த்தி அந்தத் துளையின் நட்ட நடுவில் நிறுத்த வேண்டும். முதலில் இதைச் செய்ய ஒரு தானியங்கிக் கருவி இருந்தது. அதற்குள் எங்கிருந்தோ வேண்டாத வெளிச்சம் கசியத் தொடங்கியதும் எல்லாம் கைவேலை ஆயிற்று. கருவியைவிட இவர் நன்றாக வைக்கிறார் என்று நிலையத்தில் பேச்சு. நடுவர் என்ற பட்டப்பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டில் கடிகாரம் மாட்டினாலும் அவர் கண்ணளவுதான். அம்மாள் பின்னாலேயே அளவுகோலைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பார். குறை இருக்காது.

நடுவில் வைப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நட்சத்திரம் துளைக்குள் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றால் கோடுகளும் அதற்கேற்ப ஒதுங்கிப் பதியும். நட்சத்திரம் ஓடுகிறது என்று நாம் நினைப்போம், ஓடியிருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நட்சத்திரத்துக்கும் நமக்கும் இடையே வெட்டவெளியில் மிதக்கும் குளிர்ந்த வாயுவும் தன் பங்குக்குச் சில மெல்லிய கோடுகளைப் போடும். அவை நட்சத்திரத்தோடு ஆடுவதில்லை. எந்த வருடம் பார்த்தாலும் இருந்த இடத்தில் இருக்கும். நகராத அந்தக் கோடுகள் நகர்ந்திருந்தால் துளையில் வைத்தது சரியில்லை என்று பொருள். ஆகவே எந்தப் படத்தையும் முதலில் அந்தக் கோடுகளை அளந்து பார்த்துவிட்டே தொட வேண்டும்.

அம்மாள் அப்படித்தான் செய்துவந்தார். சாயங்காலம் வீட்டில் இந்தப் பேச்சு நடக்கும்:

"இன்னைக்கும் என்னைச் சோதிச்சியா?"

"சோதிச்சேன்."

"எவ்வளவு தப்பு?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு மெனக்கெடற? அந்த நேரத்துல ஒரு காபி குடிச்சிருக்கலாம்."

எட்டு வருடம் அளந்தார். எட்டு வருடமும் ஒன்றுமில்லை. அதன்பின் மற்ற ஆபரேட்டர்கள் எடுத்த படங்களுக்கு மட்டும் அளந்தார். நடுவர் எடுத்ததற்கு விட்டுவிட்டார். வீட்டு மனிதரை நம்பாமல் தினமும் கோல் வைத்துப் பார்ப்பது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதில் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

1993 ஆகஸ்ட் மாதம் நடுவர் நிலையத்துப் படிக்கட்டில் தடுக்கி விழுந்தார். மருத்துவமனையில் டாக்டர் ஒரு காகிதத்தில் நீளமாகக் கோடு கிழித்து, அதன் நடுவில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். நடுவர் வலது பக்கம் நன்றாகத் தள்ளி வைத்தார். வைத்துவிட்டு, "இதுக்கெல்லாம் நான் சம்பளம் வாங்கறவன் சார்" என்று சிரித்தார். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. அது வளர வளர இடப்பக்கத்து உலகம் இருப்பதே மனிதருக்குத் தெரியாமல் போகும். தெரியவில்லை என்பதும் தெரியாது. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். "ஒரு மாசமா தலைவலின்னார்" என்றார் அம்மாள். நவம்பர் ஐந்தாம் தேதி எல்லாம் முடிந்தது.

எட்டாம் நாள் அம்மாள் வேலைக்கு வந்துவிட்டார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அவருக்கு முழு உடம்பும் அப்படி இருந்தது. நீட்டின காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். முன்னால் வைத்ததைச் சாப்பிட்டார். "எப்படிம்மா இருக்கீங்க?" என்றால், "இருக்கேன்" என்றார். அந்த ஒரு சொல்லோடு கேட்டவர்கள் நகர்ந்துவிடுவார்கள். அது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

வேலையும் காத்திருக்கவில்லை. அந்த இரண்டு நட்சத்திரங்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு முறைதான் மிக நெருங்கி வரும். அந்தச் சில நாட்கள் மட்டும் இரண்டின் கோடுகளும் தனித்தனியே பிரிந்து நிற்கும். மற்ற நாளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும். பிரிந்த நிலையில் ஒரு படம் கிடைத்தால் இரண்டின் எடையையும் கணக்கிட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் பதினைந்து வருடத்து அளவுகளும் பாதிக் கணக்கோடு நிற்கும். 1982-இல் நெருங்கியபோது சூரியன் பக்கத்தில் இருந்ததால் அந்தத் திசையில் திருப்ப முடியவில்லை. 1988-இல் செயற்கைக்கோளே ஒரு மாதம் படுத்துவிட்டது. இது மூன்றாவது தடவை, கடைசியும்கூட. 1994 மே முப்பத்தொன்றாம் தேதி செயற்கைக்கோளை நிரந்தரமாக நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அம்மாளின் துறைப் பேராசிரியர், நடுவர் எடுத்த கடைசிப் பதினோரு படங்களின் அளவுகளை வைத்து, நட்சத்திரத்தின் வேகம் ஏறி இறங்குவதை ஒரு வளைகோடாக வரைந்து, கணக்குப் போட்டு, மே பதினாறாம் தேதி வாரத்தைக் கேட்டிருந்தார். நேரம் ஒதுக்கும் குழுவும் கொடுத்துவிட்டது.

ஜனவரியில் பேராசிரியர் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"அம்மா, புது ஆபரேட்டர் எடுத்த ரெண்டு படமும் வளைகோட்டுல உட்காரல. மேல தொங்குது. அந்தம்மா நட்சத்திரத்தை ஓரமா ஒட்டிவச்சிருக்காங்கன்னு நினைக்கறேன்."

"நகராத கோட்டைப் பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"பாருங்க. தப்புன்னா எழுத்துல குடுங்க. நான் நிலையத்துக்குப் பேசறேன்."

அம்மாளுக்கும் அதே எண்ணம்தான். இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் குற்றம் எழுதப் பிடிக்காமல் நிலையத்துக்குத் தொலைபேசினார். புது ஆபரேட்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாத பெண்.

"சொல்லுங்கக்கா. எனக்கு முன்னாடி இங்க யார் உட்கார்ந்திருந்தார்னு தினம் ஒருத்தர் ஞாபகப்படுத்தறாங்க. மனுஷங்கதான்னா, நாற்காலியும் அப்படித்தான். அவர் உயரத்துக்கு நிக்குது, இறங்கவே மாட்டேங்குது. கால் தொங்கிக்கிட்டு வேலை பாக்கறேன். ஆனா நட்சத்திரத்தை நடுவுலதான் வச்சேன்."

"அளந்து பாத்துடறேன்."

"தாராளமா. தப்பா இருந்தா நேர்ல வந்து காதைத் திருகுங்க. சரியா இருந்தா உங்க பேராசிரியர் எனக்கு ஒரு கேக் வாங்கித் தரணும்."

"அவர் வாங்கித் தரமாட்டார்."

"அது தெரிஞ்சுதானே கேக்கறேன்."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அளக்க உட்கார்ந்தார். புது ஆபரேட்டரின் அக்டோபர் படம்: நகராத கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. டிசம்பர் படமும் அப்படியே. தன் அளக்கும் கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஒத்துப் பார்க்க ஒரு நம்பகமான படம் வேண்டும் என்று நடுவர் ஆகஸ்டில் கடைசியாக எடுத்த படத்தை வைத்தார். கோடு நகர்ந்த தூரத்தை நட்சத்திரத்தின் வேகமாகவே சொல்வது வழக்கம்; அந்தக் கணக்கில் நகராத கோடுகள் நொடிக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் அளவு தள்ளி நின்றன.

மறுபடி அளந்தார். பத்தொன்பது. கருவியை அணைத்து, ஆறவைத்து, மறுபடி போட்டு அளந்தார். பத்தொன்பது.

அதற்கு முந்தைய படம் பதினேழு. அதற்கு முந்தையது பதினான்கு. இப்படிப் பின்னால் போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, 1992 ஜூன் பதினொன்றாம் தேதிப் படத்தில் நான்கு. அதே வருடம் மார்ச்சில் ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே பக்கம்: துளையின் வலப்பக்கம். டாக்டரின் காகிதத்தில் வைத்த புள்ளியும் அந்தப் பக்கம்தான்.

மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் யாரும் கவனிக்காததில் ஆச்சரியமில்லை. அவர்களுக்கு ஒளி உள்ளே வந்தால் போதும். கோட்டின் ஆழத்தைத்தான் பார்ப்பார்கள், இடத்தை அல்ல. இடத்தை அளந்தவர் இவர் ஒருவர்தான்.

அந்த 1992 ஜூன் மாதம் ஒரு காலையில் நடுவர் இடது கன்னத்தைச் சவரம் செய்யாமல் சாப்பிட வந்து உட்கார்ந்திருந்தார். மகள் சிரித்தாள். அம்மாளும் சிரித்தார். "பாதிக்குத்தான் பிளேடு வந்துச்சா?" என்று கேட்டது அம்மாள்தான். பிறகு தட்டில் இடப்பக்கம் இருக்கும் கறியை அப்படியே மிச்சம் வைப்பார். இடது தோள் கதவில் இடிக்கும். வயசானால் எல்லாம்தான் இடிக்கும் என்று நினைத்தார்கள். இவையெல்லாம் இப்போது வரிசையாக வந்து முன்னால் நின்றன. அம்மாள் அவற்றைப் பார்த்தார். அழுகை வரும் என்று சற்றுநேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனார்.

பேராசிரியர் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, பதினோரு அளவுகளையும் திருத்தி, வளைகோட்டைப் புதிதாகப் போட்டார். புது ஆபரேட்டரின் இரண்டு புள்ளிகளும் கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. நெருங்கும் நாள் மே மாதத்தில் இல்லை. ஏப்ரல் பன்னிரண்டை ஒட்டி.

"அஞ்சு வாரம் முன்னாடி போயிடுச்சு" என்றார். "குழு ஒரு தடவை குடுத்த வாரத்தை லேசுல மாத்தமாட்டாங்க. காரணம் கேப்பாங்க. கருவிக் கோளாறுன்னு எழுதிடலாமாம்மா? அவர் பேர் எதுக்கு?"

"கருவின்னா மத்தவங்க படம் எல்லாம் சந்தேகத்துக்கு வந்துடும் சார். சோதிச்சுப் பாக்கணும்னு நிலையத்தை நிறுத்துவாங்க. ஏப்ரல் போயிடும்."

"ஆமா." அவர் பேனாவை மூடினார். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்ங்க. நீங்க வேண்டாம்னா நான் இதைப் பாக்கவே இல்ல."

பக்கத்து ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்த்த மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே கேட்டாள். அம்மாள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். ஜூன் என்று சொன்னதும் மகளின் கத்தி நின்றது.

"ஜூன்ல நான் இங்கதானே இருந்தேன்? அந்தப் பாதி தாடி..."

"ஆமா."

"டாக்டர் என்ன சொன்னார்? ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னார்ல?"

"வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்னும் சொன்னார்."

"அது நம்ம மனசுக்காகச் சொன்னது."

"இருக்கலாம்."

மகள் அழுதாள். அம்மாள் ஒரு தலையணை உறையை மடித்து, சரியாக வராமல் பிரித்து, மறுபடி மடித்தார்.

"நீ ஏம்மா அழவே மாட்டேங்கற?"

"தெரியல. வந்தா அழமாட்டேனா?"

"இதை எழுதி அனுப்பப் போறியா? நடுவர் நடுவர்னு தலையில தூக்கி வச்சவங்க எல்லாம் படிப்பாங்க. கடைசில அவருக்குக் கண்ணு தெரியல, கண்டதையும் கண்ட இடத்துல வச்சார்னு பேசுவாங்க."

"பேசுவாங்க."

"எழுதலேன்னா?"

"தப்பான வாரத்துல எடுப்பாங்க. கோடு ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டிருக்கும். அப்புறம் சாட்டிலைட்டை நிறுத்திடுவாங்க. அடுத்த தடவை அது நெருங்கும்போது பாக்கறதுக்கு மேல ஒண்ணும் இருக்காது."

"போகட்டுமே. ஒரு நட்சத்திரம்தானே?"

"அந்த ஒண்ணுக்காகத்தான் உங்கப்பா அத்தனை தடவை பஸ் ஏறிப் போனார். பாதி கணக்கோட விட்டா அவருக்குப் பிடிக்காது. கடிகாரம் கோணலா இருந்தாலே சாப்பிட உட்காரமாட்டார்."

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தோல் சீவத் தொடங்கினாள். இரண்டு கிழங்கு முடிந்த பிறகு சொன்னாள்: "நோய்னு எழுது. கவனக்குறைவுன்னு ஒருத்தரும் படிக்கக் கூடாது. அவருக்கே தெரியாதுன்னும் எழுது. நீ எப்பவும் நம்பரை மட்டும் எழுதிட்டு விட்டுடுவ."

அம்மாள் அப்படியே எழுதினார். பதினோரு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. காரணம்: ஆபரேட்டருக்கு இடப்பக்கத்தை உணர முடியாத மூளைநோய், அது இருப்பது அவருக்கும் தெரியாது, உடன் இருந்தவர்களுக்கும் தெரியாது. அளப்பவர் நகராத கோடுகளைச் சரிபார்க்காமல் விட்டார். இறுதியில் இரண்டு கோரிக்கைகள்: வாரத்தை ஏப்ரலுக்கு மாற்ற வேண்டும், பதினோரு படங்களையும் பிழை என்று காப்பகத்திலிருந்து நீக்காமல், திருத்திய அளவுகளோடு வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கழித்துக்கொள்ளலாம். மற்றபடி அவை நல்ல படங்கள்.

பிப்ரவரியில் பதில் வந்தது. வாரத்தை மாற்றிக்கொடுத்திருந்தார்கள். பதினோரு படங்கள் பற்றிப் பின்னர் முடிவு செய்வோம் என்று ஒரு வரி.

ஏப்ரல் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. புது ஆபரேட்டர் வற்புறுத்திக் கூப்பிட்டதால் அம்மாளும் நிலையத்துக்குப் போனார். அத்தனை வருடத்தில் அந்தக் கட்டுப்பாட்டு அறைக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. நினைத்திருந்ததைவிடச் சின்ன அறை. குளிர்சாதனம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கால் தொங்க உட்கார்ந்து, நட்சத்திரத்தைத் துளைக்குள் கொண்டுவந்தாள்.

"நடுவுல இருக்கா பாருங்கக்கா. இன்னைக்கு எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

அம்மாள் குனிந்து பார்த்தார். "இடப்பக்கம் ஒரு மயிரிழை."

"இப்ப?"

"இப்பச் சரி."

எழுபது நிமிடம். ஒரு தொழில்நுட்பக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நடுவர் எங்களுக்கெல்லாம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். அவரும் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. அம்மாள் தேநீரைக் குடித்தார். சர்க்கரை போட்டிருந்தார்களா இல்லையா என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

படம் வரி வரியாக இறங்கியது. நட்சத்திரத்தின் ஒவ்வொரு கோடும் இரண்டாகப் பிரிந்து, நடுவே வெளிச்சம் தெரிய, தனித்தனியே நின்றது.

"அக்கா! பிரிஞ்சிருக்கு! பிரிஞ்சே போச்சு! என் காது தப்பிச்சுது!" அந்தப் பெண் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அம்மாள் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முதுகில் வைத்தார். "முதல்ல நகராத கோட்டை அளக்கணும்" என்றார்.

அளந்தார். ஒன்றுமில்லை.

இரண்டு நட்சத்திரங்களின் எடையையும் மே மாதத்தில் பேராசிரியரும் அவரும் சேர்ந்து கணக்கிட்டு முடித்தார்கள். நடுவரின் பதினோரு படங்கள் இல்லாமல் ஒரு முறை, அவற்றைத் திருத்திச் சேர்த்து ஒரு முறை. சேர்த்துப் போட்டதில் பிழையின் அளவு பாதியாகக் குறைந்தது. இரண்டு கணக்கையும் குழுவுக்கு அனுப்பினார்கள். மாதக் கடைசியில், சொன்னபடி, செயற்கைக்கோளை நிறுத்தினார்கள்.

அதன்பின் நிலையத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அலுவல் முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன் அவர்கள் எழுதிய கடைசிக் கடிதம். 1992 ஜூன் முதல் 1993 ஆகஸ்ட் வரை எடுக்கப்பட்ட பதினோரு படங்களும் நீக்கப்படவில்லை. திருத்திய அளவுகளோடு, எடுத்த ஆபரேட்டரின் பெயரில், நல்ல படங்கள் என்ற பிரிவிலேயே வைக்கப்பட்டுள்ளன என்று இருந்தது. அம்மாள் நின்றபடியே படித்தார். மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மெதுவாக, முழுக்கப் படித்துக் காட்டினார். "நல்ல படங்கள்" என்ற இடத்தில் அவர் குரல் ஒரு தடவை நின்றது. பிறகு மேலே படித்தார்.

கடிதம் வந்தது 1994 ஜூன் 9, வியாழக்கிழமை.